சாமியறையில் நான்கு செடிகள்

ஜனவரி 6, செவ்வாய்

இன்று முதல் குறிப்பு எழுதுகிறேன். காரணங்கள் இரண்டு. தேதியிடாத அவதானிப்பு அவதானிப்பு அல்ல, அபிப்பிராயம். இது செடிகளைப் பற்றியது. மற்றையது ஒரு வைத்தியர்மீதான முறைப்பாடு. அதற்கும் தேதிகள் வேண்டும்.

செடிகள் நான்கு. கஞ்சா. ஒரு வீட்டுக்கு இங்கே கனடாவில் சட்டம் அனுமதிக்கும் எண்ணிக்கையும் அதுவே. நிலவறையில் சென்ற செப்டெம்பர்வரை சாமியறையாக இருந்த அறையில் வைத்திருக்கிறேன். சத்திரசிகிச்சைக்குப் பின் என் மனைவி சுகிர்தாவால் படியிறங்க முடியவில்லை என்பதால் படங்களும் குத்துவிளக்கும் மேலே வரவேற்பறை மூலைக்கு வந்துவிட்டன. கதவு இறுக்கமாகப் பூட்டும். சாம்பிராணிப் புகைக்கென்று பொருத்திய காற்றாடி வேலை செய்கிறது. நிலத்துக்கு வெள்ளை ஓடு பதித்திருக்கிறது. செடிகளுக்கென்று திட்டமிட்டிருந்தாலும் இதைவிட நன்றாக அமைந்திருக்காது.

இவற்றைக் கொண்டுவந்தவன் சுகிர்தாவின் தம்பி பகீரதன். சரக்கு லொறி ஓட்டுகிறான். புற்றுநோய் மருந்து ஏற்றத் தொடங்கியபின் சுகிர்தாவுக்குச் சோற்றின் மணமே ஆகவில்லை. கடையில் விற்கும் கஞ்சா எண்ணெய்களில் மூன்றை முயன்றோம். ஒன்று தலைசுற்றைத் தந்தது. ஒன்று வாந்தியைத் தந்தது. மூன்றாவது என் தாயாரின் சமையலை நினைத்து அவளை நாற்பது நிமிடம் சிரிக்கவைத்தது, ஆனால் அவள் சாப்பிடவில்லை. பகீரதனின் நண்பர் ஒருவர் வீட்டில் வளர்த்த வகையின் எண்ணெய் மட்டுமே ஒத்துக்கொண்டது. கஞ்சியில் அரைத் தேக்கரண்டி கலந்து கொடுத்தால் முக்கால் மணியில் பசிக்கிறது என்கிறாள். அந்த நண்பர் வன்கூவருக்குக் குடிபெயர்ந்துவிட்டார். எங்களுக்கு எஞ்சியவை ஒரு போத்தல் எண்ணெயும் இந்த நான்கு வெட்டுத்துண்டங்களும்.

போத்தல் மார்ச் நடுப்பகுதிவரை வரும். செடிகள் அதற்குள் பூத்து முற்ற வேண்டும்.

இன்றைய எடை 46.8 கிலோ. நாற்பத்துநான்குக்குக் கீழே போனால் அடுத்த சுற்று மருந்தை நிறுத்திவைக்க நேரும் என்று தாதி சொல்லியிருக்கிறார். மொத்தம் எட்டுச் சுற்றுகள். வியாழனன்று நான்காவது.

ஜனவரி 9, வெள்ளி

நான்காவது சுற்று முடிந்தது. இந்த மருந்துக்கு ஒரு விசித்திரமான விளைவு உண்டு. குளிர்ந்த எதைத் தொட்டாலும் விரல்களில் ஊசி ஏறுவதுபோல் வலிக்கும். குளிர்சாதனப் பெட்டியைக் கையுறையோடு திறக்கிறாள். குழாய்த் தண்ணீரை நான் சுடவைத்துக் கொடுக்கிறேன். கரண்டிகளை மரக்கரண்டிகளாக மாற்றியிருக்கிறேன்.

செடிகளின் வெளிச்சத்தைப் பன்னிரண்டு மணி நேரமாகக் குறைத்தேன். பூப்பதற்கு அதுவே சமிக்ஞை.

ஜனவரி 12, திங்கள்

முறைப்பாடு பற்றி.

எங்கள் குடும்ப வைத்தியரின் பெயரை இந்தக் குறிப்பேட்டில் எழுதப்போவதில்லை. படிவத்தில் எழுதியிருக்கிறேன், அது போதும். ஸ்காபரோவில் பாதித் தமிழர்கள் அவரிடம்தான் போகிறார்கள். தமிழில் நலம் விசாரிக்கிறார் என்பது காரணம்.

2024 ஜூன் 14 அன்று சுகிர்தா களைப்பு என்று அவரிடம் போனாள். இரத்தத்தில் இரும்பு குறைவு என்று கண்டார். இரும்புக் குளிசை எழுதினார். பின்னர் அதையே மூன்று முறை புதுப்பித்தார். இரும்பு ஏன் குறைகிறது, எங்கே போகிறது என்று பதினான்கு மாதங்களில் ஒரு தடவையும் கேட்கவில்லை. அது குடலில் இருந்த ஒரு கட்டியிலிருந்து நாள்தோறும் கசிந்துகொண்டிருந்தது. சென்ற ஓகஸ்டில் அவள் வேலைத்தலத்தில் மயங்கி விழுந்த பிறகு வேறொரு வைத்தியர் அதைக் கண்டுபிடித்தார்.

விளக்கம் கேட்டு நான் எழுதிய கடிதத்துக்கு ஒரு பந்தியில் பதில் வந்தது. அதில் ஒரு வாக்கியம்: "சாத்தியமான காரணத்துக்குச் சிகிச்சையைத் தொடங்குவது அந்நேரத்தில் நியாயமானதாகவே இருந்தது." அதன் கீழே சிவப்பு மையால் அடிக்கோடிட்டிருக்கிறேன். பேராதனைப் பல்கலைக்கழகத்தில் தாவரப் போசணை படித்த காலத்தில், இலை வெளிறியதும் காரணம் தேடாமல் உரத்தை அள்ளிப்போடும் மாணவனைச் செய்முறைப் பரீட்சையில் சித்தியடைய விடமாட்டார்கள்.

வைத்தியர்களை ஒழுங்குபடுத்தும் சபைக்குப் போகும் படிவம் இது. கோபத்தோடு எழுதப்பட்ட முறைப்பாடுகளை எவரும் கவனமாகப் படிப்பதில்லை. ஆகவே நான் கோபப்படவில்லை.

நோயாளியின் கையொப்பம் கட்டாயம். சுகிர்தா மறுக்கிறாள்.

"அந்தாளை விடுங்கோ. எங்கட கலியாண வீட்டுக்கு வந்து பந்தியில பரிமாறின மனுசன்."

"பரிமாறினதுக்கும் இதுக்கும் என்ன சம்பந்தம்?"

"உங்களுக்கு விளங்காது. பேனையை அங்கால வையுங்கோ. குளிருது."

ஜனவரி 19, திங்கள்

இரண்டாவது செடியின் தண்டு சிவந்திருக்கிறது. இலைக்காம்புகளும் அப்படியே. மாலையில் மற்றைய மூன்றையும் பார்த்தேன். அவையும் சிவக்கத் தொடங்கியிருக்கின்றன.

சிவந்த தண்டு ஒரு நோயல்ல, ஓர் அறிகுறி. வகையின் இயல்பாக இருக்கலாம். விளக்கு அதிகம் நெருங்கியிருக்கலாம். மக்னீசியம் குறைந்திருக்கலாம், பொஸ்பரஸ் குறைந்திருக்கலாம், அல்லது நீரின் அமிலத்தன்மை பிழைத்து இருக்கிற சத்தை வேர் எடுக்கமுடியாமல் இருக்கலாம். ஒவ்வொன்றாக நீக்க வேண்டும்.

ஜனவரி 21, புதன்

பகீரதன் வந்து பார்த்தான்.

"தண்டு சிவந்தா என்ன அத்தான்? நீங்கள் என்ன, பொம்பிளை பாக்கவே போறியள்?"

தாய்ச் செடியின் தண்டு என்ன நிறம் என்று கேட்டேன்.

"ஆருக்குத் தெரியும்? நான் தண்டையே பாத்தனான்?" என்றவன், பிறகு கைபேசியில் தேடி நண்பரின் படமொன்றைக் காட்டினான். தாய்ச் செடி பச்சை. வகையின் இயல்பு என்ற காரணம் நீங்கியது.

"யூரியூப்பில ஒருத்தன் வாழைப்பழத் தோலை ஊறவைச்சு ஊத்தச் சொல்லுறான்" என்றான்.

நான் நிமிர்ந்து அவனைப் பார்த்தேன்.

"சரி, சரி, முறைக்காதேங்கோ. பட்டதாரியள் இருக்கிற வீட்டில வாழைப்பழத்தைத் தின்னத்தான் வேணும்" என்று சொல்லி இரண்டைத் தின்றுவிட்டுப் போனான்.

அவன் போன பிறகு நான் நிலவறைக்குப் புறப்பட்டபோது சுகிர்தா சாய்கதிரையிலிருந்து கூப்பிட்டாள்.

"செருப்போட அந்த அறைக்குள்ள போகாதேங்கோ எண்டு எத்தனை தரம் சொல்லுறது?"

"படமெல்லாம் மேல வந்திட்டுதுதானே. அது இப்ப சாமியறை இல்ல."

"மேல வந்தது நான். சாமி எங்க போறது?"

தடித்த அடியுள்ள கம்பளிச் செருப்பு. குளிர்காலத்தில் நிலவறைக்கு அவசியமானது. விவாதத்தை நீட்டவில்லை. செருப்போடு போனேன்.

ஜனவரி 24, சனி

விளக்கை ஒரு சாண் உயர்த்தினேன். நீரின் அமிலத்தன்மையை அளந்தேன். சரியாக இருக்கிறது. சமையலறைக் குழாயில் பகீரதன் பூட்டித் தந்த வடிகட்டி மக்னீசியத்தையும் சேர்த்து நீக்கிவிடுகிறது என்பதைக் கவனத்தில் கொண்டு, நீரில் எப்சம் உப்புக் கரைத்து ஊற்றினேன்.

எடை 46.1.

ஜனவரி 30, வெள்ளி

நேற்று ஐந்தாவது சுற்று. இன்று இரண்டு வாய் கஞ்சி. தேநீர் வேண்டாம் என்றாள்.

பெப்ரவரி 3, செவ்வாய்

மக்னீசியம் அல்ல. அது குறைந்திருந்தால் அடியிலைகளில் நரம்புகள் பச்சையாக நிற்க, இடைவெளி மஞ்சளாகும். இங்கே அடியிலைகள் கரும்பச்சையாகி ஊதாத் திட்டுக்களோடு சுருள்கின்றன. வளர்ச்சி நின்றுவிட்டது. பூமொட்டுகள் அரிசியளவில் அப்படியே இருக்கின்றன. பாடப்புத்தகத்தில் உள்ளபடி இது பொஸ்பரஸ் குறைபாடு.

இலைகளையும் சாடிக் கலவையையும் ஆய்வுகூடம் ஒன்றுக்கு அனுப்பியிருக்கிறேன். முடிவு வரப் பத்து நாள் ஆகும். பத்து நாள் காத்திருக்கும் நிலையில் நாம் இல்லை. சாத்தியமான காரணத்துக்குச் சிகிச்சையைத் தொடங்குவது நியாயமானது. பொஸ்பரஸ் உரம் ஒரு போத்தல் வாங்கிவந்து இன்றே கொடுத்தேன்.

எடை 45.4.

பெப்ரவரி 8, ஞாயிறு

மாற்றமில்லை. இன்னும் இரண்டு போத்தல் வாங்கி அளவை இரட்டித்தேன்.

சுகிர்தாவிடம் முருங்கையிலைச் சுண்டல் வேண்டுமா என்று கேட்டுப் பார்த்தேன். அவளுக்கு நல்லது. "இனி இந்தப் பிறவியில வேண்டாம்" என்றாள். அவ்வளவு வெறுப்புக்குக் காரணம் எனக்கு விளங்கவில்லை. 2024 இல் வாரத்துக்கு மூன்று கட்டு வாங்கிவந்திருக்கிறேன், முறையிடாமல் சாப்பிட்டாள்.

பெப்ரவரி 14, சனி

ஆய்வு முடிவு வந்தது. இலையில் பொஸ்பரஸ் மிகக் குறைவு. சாடிக் கலவையில் மிக அதிகம்.

அதாவது சாப்பாடு தட்டில் இருக்கிறது. செடி சாப்பிடவில்லை.

மூன்று முறை படித்தேன். வேரில் அழுகல் இல்லை. அமிலத்தன்மை சரி. விளக்கின் கீழே அறை வெப்பம் இருபத்திரண்டு பாகை. எனக்கு விளங்கவில்லை.

பெப்ரவரி 16, திங்கள்

இரண்டாவது செடியின் இலைநுனிகள் கருகிவிட்டன. உரம் மிகுந்ததன் விளைவு. அது பிழைக்காது. கருக்கியது நான். எடுத்து எறிந்தேன். மூன்று இருக்கின்றன.

பெப்ரவரி 17, செவ்வாய்

படிவத்தின் நான்காம் பக்கம்: "அறிகுறிகள் முதன்முதலாக எப்போது, எவரிடம் தெரிவிக்கப்பட்டன?" சரியான தேதி வேண்டும். வைத்தியரிடம் போவதற்கு எவ்வளவு காலம் முன்பே அவள் களைத்திருந்தாள் என்பது நிறுவப்பட்டால் அவருடைய அலட்சியம் இன்னும் தெளிவாகும்.

சுகிர்தா ஒவ்வோர் ஆண்டும் மளிகைக் கடைக்காரர் தரும் நாட்காட்டியின் கட்டங்களில் பொடி எழுத்தில் எல்லாவற்றையும் குறித்துவைப்பவள். எரிவாயுக்காரர் வந்தது, விரத நாள், எவருடைய பிள்ளைக்குப் பிறந்தநாள். பழையவற்றையும் எறிவதில்லை. நிலவறை அலுமாரியில் 2024 க்குரியதைக் கண்டெடுத்தேன்.

பெப்ரவரி மாதத்திலேயே குறிப்புகள் இருக்கின்றன. பயன்படும். பிறகு பிரதிசெய்கிறேன்.

எடை 44.9.

பெப்ரவரி 18, புதன்

படிவத்தை இன்று தொடவில்லை.

பெப்ரவரி 19, வியாழன்

ஆறாவது சுற்று. மருத்துவமனைக்குப் போக ஐம்பது நிமிடம். வர ஒரு மணி நேரம். பனி.

பெப்ரவரி 24, செவ்வாய்

நடந்ததை ஒழுங்காக எழுத முயல்கிறேன்.

காலை பதினொரு மணிக்குச் சாமியறையில் சாடிகளைத் திருப்பிவைத்துக்கொண்டிருந்தேன். படிக்கட்டில் காலடி கேட்டது. சுகிர்தா கைப்பிடியை இரண்டு கைகளாலும் பற்றி, ஒவ்வொரு படியிலும் நின்று நின்று இறங்கிக்கொண்டிருந்தாள். ஐந்து மாதங்களில் முதல் தடவை.

"என்ன அலுவல் இது? கூப்பிட்டிருக்கலாமே!"

"எனக்கெண்டு வளக்கிறியள். ஒருக்கா முகத்தையாவது பாக்க வேண்டாமே?"

வாசலுக்கு வந்தாள். பழக்கதோஷம், அந்த வாசலில் இருபது வருடம் செய்ததையே செய்தாள். செருப்புகளைக் கழற்றி ஓரமாக வைத்துவிட்டு வெறுங்காலோடு உள்ளே அடிவைத்தாள்.

அவள் அலறிய சத்தத்தை நான் சத்திரசிகிச்சைக்குப் பிறகுகூடக் கேட்டதில்லை.

தூக்கி வந்து படியில் இருத்தினேன். பாதங்களை என் சட்டைக்குள் விட்டு வயிற்றோடு அணைத்துப் பிடித்துக்கொண்டேன். வேறு சூடான பொருள் கைவசம் இருக்கவில்லை. கொஞ்ச நேரம் பல்லைக் கடித்துக்கொண்டிருந்தாள். பிறகு கதவுக்குள்ளால் சாடிகளைப் பார்த்தாள். மூன்றும் வெள்ளை ஓட்டின்மேல் நேராக வைக்கப்பட்டிருந்தன.

"இதுகள் இவ்வளவு நாளும் உந்தக் குளிரிலயோ நிண்டது?"

"அறை இருபத்திரண்டு பாகை."

"அறையைக் கேக்கேல்ல. காலைக் கேக்கிறன்."

வெப்பமானியைச் சாடி மண்ணுக்குள் விட்டுப் பார்த்தேன். பதினொரு பாகை. விளக்கு மேலே தொங்குகிறது, வேர் கீழே இருக்கிறது, நிலத்துக்கடியில் பெப்ரவரி மாதத்து ஒன்ராரியோ இருக்கிறது. குளிர்ந்த வேர் பொஸ்பரஸை எடுக்காது. அந்த வரி என் பாடப்புத்தகத்திலும் இருந்தது. வெப்ப வலயத்தில் நிகழாது என்று விரிவுரையாளர் தாண்டிப் போனார், நானும் தாண்டிப் போனேன். கனடாவுக்கு வந்து இருபத்தேழு வருடம். நிலத்தைத் தொட்டுப் பார்க்க எனக்குத் தோன்றவில்லை. கம்பளிச் செருப்பு.

சுகிர்தா அலுமாரித்தட்டில் இருந்த உரப் போத்தல்களை எண்ணினாள். மூன்று.

"எனக்கு மூண்டு கட்டு முருங்கையிலை. இதுகளுக்கு மூண்டு போத்தல்" என்றாள். "நீங்கள் ஒண்டும் மாறேல்ல."

அவள் சிரித்துக்கொண்டுதான் சொன்னாள். பாதங்கள் இன்னும் என் சட்டைக்குள் இருந்தன.

பெப்ரவரி 25, புதன்

பகீரதன் லொறியிலிருந்து சரக்கேற்றும் மரத்தட்டுகள் இரண்டையும் குளிர் ஏறாத தடித்த ரெஜிபோம் நுரைப்பலகைத் துண்டுகளையும் கொண்டுவந்தான். சாடிகளை நிலத்திலிருந்து ஒரு முழம் உயர்த்தினோம். காரணத்தைச் சொன்னேன்.

"அப்ப யூரியூப்காரனும் பிழை, பேராதனையும் பிழை. அக்கான்ர காலுக்குத்தான் பட்டம் குடுக்க வேணும்."

இந்தத் தடவை நான் முறைக்கவில்லை.

மார்ச் 3, செவ்வாய்

சாடி மண் பத்தொன்பது பாகை. புதிய இலைகள் பச்சையாக வருகின்றன. மொட்டுகள் பருக்கத் தொடங்கிவிட்டன. முன்பே சிவந்த தண்டு சிவப்பாகவே இருக்கிறது. அது மாறாது.

எடை 44.3.

மார்ச் 8, ஞாயிறு

நாட்காட்டியைப் பிரதிசெய்ய வேண்டும் என்று எழுதி மூன்று வாரம் ஆகிறது. இப்போது செய்கிறேன்.

2024 பெப்ரவரி 11: "களைப்பு. படி ஏற மூச்சு வாங்குது. இவரிட்டச் சொன்னன். கண் இமையை இழுத்துப் பாத்தார். இரும்புக் குறைவாம். முருங்கையிலை."

மார்ச் 9: "திருப்பியும் சொன்னன். டொக்டரிட்டப் போகவோ எண்டு கேட்டன். உதுக்கெல்லாம் டொக்டரே, அவர் குளிசைதான் தருவார் எண்டார்."

ஏப்ரல் 20: "முருங்கையிலை."

மே 5: "முருங்கையிலை. அலுத்துப் போச்சு. சொல்லேல்ல."

ஜூன் 14: "நானே டொக்டரிட்டப் போனன்."

அந்த இமையை இழுத்துப் பார்த்தது நினைவிருக்கிறது. ஜன்னல் வெளிச்சத்தில் நிறுத்தி, இலையைத் திருப்பிப் பார்ப்பதுபோல் பார்த்தேன். என் முடிவு சரி. இரும்பு குறைவாகத்தான் இருந்தது.

மார்ச் 12, வியாழன்

ஏழாவது சுற்று. எடை 44.2. தாதி எண்ணை இரண்டு தடவை பார்த்தார், பிறகு அனுமதித்தார். அடுத்தது ஏப்ரல் 2. "குறையவிடாதீர்கள்" என்றார்.

மார்ச் 17, செவ்வாய்

எண்ணெய் முடிந்தது. போத்தலுக்குள் சுடுகஞ்சியை ஊற்றிக் குலுக்கிக் கொடுத்தேன்.

மார்ச் 20, வெள்ளி

மூன்று செடிகளையும் வெட்டினேன். எதிர்பார்த்ததில் பாதி. சாமியறையில் முன்பு மாலை தொங்கிய கொடியிலேயே தலைகீழாகத் தொங்கவிட்டிருக்கிறேன். காய ஒன்பது நாள் வேண்டும்.

மார்ச் 23, திங்கள்

எடை 43.8.

ஈரத்தோடு எண்ணெய் காய்ச்சலாமா என்று பகீரதன் தொலைபேசியில் கேட்டான். பூஞ்சணம் பிடித்தால் அது அவள் உடம்புக்குள் போகும். இரத்த வெள்ளணுக்கள் குறைந்திருக்கும் நிலையில் அதற்கு இடமில்லை. காத்திருக்கிறோம். இன்று அரைக் கோப்பை இளநீர், ஒரு விசுக்கோத்து. இரண்டும் தங்கவில்லை.

மார்ச் 26, வியாழன்

சோடாத் தண்ணி. அது மட்டும்.

மார்ச் 29, ஞாயிறு

தேங்காயெண்ணெயில் காய்ச்சினேன். மூன்று மணி நேரம், சிறு தீ. வீடு முழுவதும் மணம். பக்கத்து வீட்டுச் சீனக் கிழவர் வேலிக்கு மேலால் கட்டைவிரலை உயர்த்திக் காட்டினார்.

மாலை ஐந்தரைக்குக் கஞ்சியில் அரைத் தேக்கரண்டி. ஆறேகாலுக்குச் சுகிர்தா சமையலறைக்கு வந்து, இடியப்பம் இருக்கிறதா என்று கேட்டாள். இருக்கவில்லை. பகீரதன் எட்டு நிமிடத்தில் கொண்டுவந்தான். லொறியில் வந்தான், தெருவை மறித்து நிறுத்தினான். அவள் நான்கு சாப்பிட்டாள், சொதியோடு.

மார்ச் 31, செவ்வாய்

காலையில் படிவத்தின் நான்காம் பக்கத்தை நிரப்பினேன்.

"1. 2024 பெப்ரவரி 11. நோயாளி தன் களைப்பைக் கணவரிடம் தெரிவித்தார். கணவர் விவசாய விஞ்ஞானப் பட்டதாரி. இமையைப் பரிசோதித்து இரும்புக் குறைபாடு என்று முடிவுசெய்து கீரை உண்ணச் சொன்னார். காரணம் கேட்கவில்லை. வைத்தியரிடம் போக வேண்டியதில்லை என்றும் சொன்னார். நான்கு மாதங்கள் கடந்தன.

2. 2024 ஜூன் 14. நோயாளி வைத்தியரிடம் சென்றார். வைத்தியரும் அதே முடிவுக்கு வந்தார். காரணம் கேட்கவில்லை. பதினான்கு மாதங்கள் கடந்தன."

முதலாம் இலக்கத்துக்கு எதிரே என் பெயரைத் தெளிவாக எழுதினேன். மிகுதிப் பதினொரு பக்கங்களிலும் ஒரு சொல்லைக்கூட மாற்றவில்லை. அவர்மீது எனக்கிருப்பது சற்றும் குறையவில்லை. கீரைக்காரன் காரணம் கேட்காதது ஒன்று. கேட்பதற்கென்றே படித்தவர் கேட்காதது இன்னொன்று.

மேசைமேல் வைத்துவிட்டுத் தேநீர் போடப் போனேன். திரும்பி வந்தபோது சுகிர்தா நான்காம் பக்கத்தில் இருந்தாள். விரலை வரிகளின் கீழே வைத்து, மெதுவாக, இரண்டு தடவை படித்தாள்.

"உங்கட பேரையும் போட்டிருக்கிறியள்."

"நடந்தது அது."

"முதலாவதா."

"தேதி ஒழுங்கு."

கையொப்பப் பக்கத்துக்குத் திருப்பினாள். பிறகு, "பேனை குளிரும்" என்றாள். எடுத்து என் உள்ளங்கைக்குள் பொத்தி வைத்திருந்தேன். சூடானதும் கொடுத்தேன். கையொப்பமிட்டாள்.

பிற்பகல் தபாலில் சேர்த்தேன். வந்ததும் எடை பார்த்தோம். 44.1.

ஏப்ரல் 2, வியாழன்

எடை 44.3. எட்டாவது சுற்று ஏற்றினார்கள்.

மாலையில் வெறும் சாடிகளைக் கழுவி வைக்கச் சாமியறைக்குப் போனேன். வாசலில் செருப்பைக் கழற்றினேன். நிலம் இன்னும் குளிராகத்தான் இருக்கிறது.